ஜூஜுவாடி வரை வந்த கம்பி

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் அழகர்சாமியைத் தெரியாதவர்கள் குறைவு. யார் வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றாலும் ஸ்பேனரோடு போய் நிற்பான். கூப்பிடாத வீட்டுக்கும் போவான், அதுதான் அவனிடம் இருந்த கோளாறு. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் பத்தொன்பது வருஷம் டை செட்டராக இருந்தவன். வண்டிகளுக்கான தகடுகளை அச்சு வைத்து அழுத்தி எடுக்கிற பெரிய இயந்திரங்கள் அங்கே இருந்தன. அந்த இரும்பு அச்சைத்தான் டை என்பார்கள். பழைய டையை இறக்கிப் புது டையை ஏற்றி, ஒரு நூல் பிசகாமல் உட்கார வைப்பது அவன் வேலை. அந்தக் கம்பெனி, வடக்கே எங்கோ வரிச்சலுகை தருகிறார்கள் என்று 2006இல் இயந்திரங்களை எல்லாம் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அழகர்சாமியை மட்டும் ஏற்றவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டைத் தாங்கியவள் அவன் மனைவி ஜோதிமணி. விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் அடுப்படியில் இருந்தவள். கம்பெனி போவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே ஒரு நாள் பேப்பரில் விளம்பரம் பார்த்து, மருத்துவக் குறிப்புகளைத் தட்டச்சு செய்கிற படிப்பை ஆறு மாதத்தில் முடித்தாள். வேலை இதுதான்: அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன பார்த்தேன், என்ன மருந்து கொடுத்தேன் என்று வாயால் பேசிப் பதிவு செய்வார். அந்தக் குரல் பெங்களூரில் உள்ள ஒரு கம்பெனி வழியாக இன்டர்நெட்டில் மூக்கண்டப்பள்ளிக்கு வரும். ஜோதிமணி காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, அடித்து, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மேஜைக்குக் கீழே அவள் காலடியில் ஒரு பெடல் இருக்கும். முன்னால் அழுத்தினால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திவிடுவார், குதிகாலால் அழுத்தினால் சொன்னதைத் திரும்பச் சொல்வார்.

மூன்று வருஷத்தில் அந்த டாக்டர்கள் எல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஒருவர் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். இன்னொருவர் பேசும்போது பின்னால் நாய் குரைக்கும். சாப்பிட உட்காரும்போது, "இன்னிக்கு நாய்க்கார டாக்டருக்குச் சளி பிடிச்சிருக்கு, பாவம்" என்பாள். அழகர்சாமிக்குச் சிரிப்பு வரும். மகள் ரஞ்சிதா சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்ததும் இந்தப் பெடலில்தான் ஓடியது. 2007 மார்ச்சில் பெங்களூரிலிருந்து ஜோதிமணியின் டீம் லீடர் டேனி போன் பண்ணி, ஜூன் மாதத்திலிருந்து அவளை எடிட்டர் ஆக்கப்போவதாகச் சொன்னான். மற்றவர்கள் அடித்ததை அவள் திருத்துவாள். அவள் அதைப் புருஷனிடம் மட்டும் சொன்னாள். சொல்லும்போது முகம் சிவந்திருந்தது. அந்த முகத்தை அழகர்சாமி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

பழைய இன்டர்நெட் கனெக்ஷனில் ஒரு சிக்கல் இருந்தது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு அளவு. இருபத்தைந்தாம் தேதி வாக்கில் அது தீர்ந்து, வேகம் நூலாக இளைத்துவிடும். மழை வந்தால் செத்துவிடும். ஒரு ஃபைல் இறங்கும்வரை ஜோதிமணி பெடலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். வீட்டில் சும்மா இருக்கும் ஆம்பளைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு நம்மால் ஆனது ஒன்றாவது செய்ய வேண்டும் என்று நினைத்தான். அங்கேதான் சனியன் பிடித்தது.

அந்த நேரத்தில் ஒரு புதுக் கம்பெனி எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், அத்திப்பள்ளியில் கம்பி இழுத்திருந்தது. வேகம் இரண்டு மடங்கு, மாத அளவு கிடையாது. சந்தை முனையில் குடை விரித்து ஒரு ஏஜென்ட் ஃபாரம் வாங்கிக்கொண்டிருந்தான். கூட வேலை பார்த்த சம்பங்கியைப் பார்க்க அத்திப்பள்ளிக்குப் போன அழகர்சாமி அதைப் பார்த்துவிட்டான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓசூரில் பாதிப் பேர் பாக்கெட்டில் கர்நாடக சிம்தான் இருக்கும். அதற்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மச்சானோ, கூட வேலை பார்ப்பவனோ, வாடகை விட்டவனோ யாராவது ஒருவருடைய விலாசம் கொடுப்பார்கள். வண்டி நம்பரும் அப்படித்தான். பேப்பரில் ஒரு ராஜ்ஜியம், படுக்கை இன்னொரு ராஜ்ஜியம். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. அழகர்சாமி கையில் இருந்த போனும் சம்பங்கி வீட்டு விலாசத்தில் வாங்கியதுதான். அதனால் ஏஜென்ட், "வீடு எங்க சார்?" என்று கேட்டதும், கொஞ்சமும் யோசிக்காமல் சம்பங்கி வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னான். கம்பி இழுக்க ஆள் வரும்போது போன் பண்ணுவார்கள், ஆறேழு கிலோமீட்டர்தானே, மூக்கண்டப்பள்ளிக்கு வரச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். ஏஜென்ட் அங்கேயே ஒரு மோடத்தைப் பெட்டியோடு கையில் கொடுத்து, மூன்று நாளில் கம்பி வந்துவிடும் என்றான்.

கனெக்ஷனை மாற்றலாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்ததால், போகும்போதே ஜோதிமணி ஒன்று சொல்லியிருந்தாள். "ஏங்க, புதுசு பார்க்கிறதுன்னா பாருங்க. ஆனா அது வந்து லைட் எரிஞ்சப்புறம் பழசை சரண்டர் பண்ணலாம். ரெண்டு மாசம் ரெண்டும் இருந்தாலும் பரவால்ல."

"சரி, சரி" என்றிருந்தான்.

சரி என்று சொன்னவன் திரும்பி வரும்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வண்டியை நிறுத்தினான். ஏன் நிறுத்தினாய் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவனால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. பத்தொன்பது வருஷம் அவன் கை பழகிய முறை ஒன்று உண்டு: பழைய டையை இறக்காமல் புது டையை ஏற்ற முடியாது. இயந்திரத்தில் இடம் ஒன்றுதான். கையில் புதுசு வந்துவிட்டால் பழசை முதலில் கழற்று. மோடம் பெட்டி வண்டியின் முன்னால் இருந்தது; கை தானாகக் கழற்றப் போய்விட்டது. உள்ளே போய், பழைய கனெக்ஷன் வேண்டாம் என்று சரண்டர் லெட்டர் எழுதிக் கொடுத்து, பழைய மோடத்தை நாளைக் காலையில் கொண்டுவந்து தருவதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜோதிமணி ஹெட்போனைக் கழற்றினாள். "நாளைக்கே கட் பண்ணிட மாட்டாங்கல்ல?"

"ஆபீஸ் வேலை ஜோதி. ஒரு மாசமாவது ஆகும்."

எந்த வேலைக்கும் ஒரு மாதம் எடுக்கிற அந்த ஆபீஸ், இந்த ஒரு வேலையை மட்டும் மறுநாள் காலை பத்தரை மணிக்கு முடித்துவிட்டது. நாய்க்கார டாக்டர் பாதி வாக்கியத்தில் நின்றார். ஜோதிமணி குதிகாலால் அழுத்தினாள், முன்னால் அழுத்தினாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டேனிக்குப் போன் செய்தாள். கனெக்ஷன் மாற்றுகிறோம், மூன்று நாள் லீவு வேண்டும் என்றாள். டேனி நல்ல பையன். "எடுத்துக்குங்க மேடம். ஆனா பத்து நாளுக்கு மேல போச்சுன்னா உங்க டாக்டர்களை வேற ஆளுக்கு மாத்தச் சொல்லிடுவாங்க. என் கையில இல்ல" என்றான்.

மூன்று நாள் போயிற்று. கம்பிக்காரர்கள் போன் பண்ணவில்லை. அழகர்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரில் பழைய டெலிபோன் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. புது மோடத்தை எடுத்து அதிலேயே சொருகினான். கம்பி கம்பிதானே என்பது அவன் எண்ணம். மோடத்தில் நாலு விளக்கு. கரன்ட் விளக்கு எரிந்தது. இரண்டாவது விளக்கு சிமிட்டியது. அது சிமிட்டாமல் நின்று எரிய வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஒரு பகல் முழுக்க நாற்காலி போட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தான். கம்பியைக் கழற்றி முனையை பிளேடால் சுரண்டினான், மறுபடி சொருகினான். அது விடாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் கஸ்டமர் கேருக்கு அடித்தான். அந்தப் பக்கம் ஒரு பெண் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தாள். "சார், உங்க லைன் நேத்தே ஆக்டிவ் ஆயிருக்கே. வீட்டுல மாட்டிக் குடுத்துட்டாங்கன்னு ரிப்போர்ட் இருக்கு."

"எங்க வீட்டுல யாரும் வரலைம்மா."

"வந்து சைன் வாங்கியிருக்காங்க சார்."

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் சம்பங்கி கூப்பிட்டான். "அழகரண்ணா, நேத்து நான் டூட்டில இருந்தப்ப ரெண்டு பேரு வந்து வயர் இழுத்து ஹால்ல டப்பா அடிச்சிட்டுப் போயிருக்காங்க. என் வீட்டுக்காரி மோர் குடுத்துக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டா. நீ சொல்லித்தான் வந்தாங்களா?"

அழகர்சாமி மோடத்தைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளிக்கு ஓடினான். சம்பங்கி வீட்டு ஹாலில், சாமி படத்துக்குக் கீழே, வெள்ளை வெளேரென்று ஒரு புது டப்பா. மோடத்தை அதில் சொருகினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒரு நிமிஷத்தில் எல்லா விளக்கும் நின்று எரிந்தன. அந்தக் கம்பெனி ஆளைத் தேடிப் பிடித்து, வீடு மாறிவிட்டேன், இதை மூக்கண்டப்பள்ளிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டான்.

"மூக்கண்டப்பள்ளியா?" அந்த ஆள் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "எங்க கேபிள் ஜூஜுவாடி செக்போஸ்ட்டோட நின்னு போச்சு சார். அதுக்கு அந்தாண்ட தமிழ்நாடு. அந்தப் பக்கம் நாங்க இன்னும் வரல."

"என் போன் இந்த விலாசத்துலதான் வாங்கினேன். அங்க நல்லா எடுக்குதே."

"அது காத்துல வருது சார். இது கம்பி."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. காற்றுக்கு எல்லை கிடையாது என்று பழகிப்போன மனுஷன், கம்பிக்கு உண்டு என்பதை நாற்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டான். வீட்டுக்கு வந்து ஜோதிமணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். விலாசம் மாற்றிக் கொடுத்ததையும் சொன்னான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ப் பழசைத் திரும்பக் கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

போனான். லைன்மேன் முனிவேல் பத்து வருஷப் பழக்கம். அழகர்சாமி சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"போனு வேணும்னா நாளைக்கே குடுத்துடலாங்க. இன்டர்நெட்டுதான் ஆவாது. போர்ட் இல்லீங்க" என்றான். எக்ஸ்சேஞ்சில் இன்டர்நெட் கொடுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துளை வேண்டும். அதற்குத்தான் போர்ட் என்று பெயர். இருப்பதெல்லாம் நிறைந்துவிட்டது.

"என்னோடது இருக்குமே முனிவேல்."

"நீங்க லெட்டர் குடுத்த அன்னைக்கே அதை அடுத்த ஆளுக்கு அடிச்சிட்டாங்க. அதான் அவ்வளவு சுருக்கா கட் ஆச்சு. ஒருத்தர் எப்படா விடுவாருன்னு காத்துட்டிருக்காங்க. இப்பப் பேரு எழுதினா நூத்தி நாப்பத்தி மூணாவது ஆளுங்க நீங்க."

அழகர்சாமி எழுதிக் கொடுத்தான். அங்கே மேலதிகாரியான எஸ்டிஓவைப் பார்த்தான், கால் கடுக்க நின்றான், மனு கொடுத்தான். மனைவியின் வேலை போய்விடும் என்றும் சொன்னான். அவர் நல்லபடியாகவே பேசினார். இருந்தால் கொடுத்திருப்பேன் என்றார். அது உண்மையும்கூட.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்யலாமா என்று ஜோதிமணி டேனியிடம் கேட்டாள். கூடாது என்றுவிட்டான். நோயாளிகளின் விஷயம், நாலு பேர் நடமாடும் இடத்தில் திறந்தாலே வேலை போய்விடும். கடைசியில் ஜோதிமணியே ஒரு வழி சொன்னாள். கம்பி இங்கே வராவிட்டால் கம்ப்யூட்டர் அங்கே போகட்டும். ஏழாம் நாள் காலையில் கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். பெடலை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன கடை வைக்கப் போகிறீர்களா என்று கேட்டார். அழகர்சாமி சிரிக்க முயன்றான்.

சம்பங்கி வீடு சின்னது. ஒரு ஹால், ஒரு சமையலறை. ஹாலின் மூலையில் சம்பங்கியின் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவளுக்கு எதிரே ஜோதிமணி கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்தாள். ஃபைல்கள் பறந்து வந்தன. அவள் வாழ்நாளில் பார்க்காத வேகம். இரண்டு நாள் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அடித்தாள். அந்தக் கிழவி தெலுங்கில் முனகுவாள், எழுப்பி உட்கார வைப்பார்கள், துடைத்துவிடுவார்கள்; அப்போதெல்லாம் ஜோதிமணி எழுந்து வாசலில் போய் நிற்பாள். ஒருத்தி உடம்பைத் துடைக்கிற இடத்தில் அந்நியரைப் போல உட்கார்ந்திருப்பது அவளுக்கே கூசியது. மூன்றாம் நாள் காலையில் சம்பங்கியின் மனைவி காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. அம்மாக்கு ஆள் நடமாட்டம் ஆகல. நீங்க போனப்புறமும் ராவெல்லாம் அந்த டிக்கு டிக்கு சத்தம் காதுலயே கேக்குதுன்னு தூங்கவே இல்ல."

ஜோதிமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தாம்மா மன்னிப்புக் கேக்கணும்" என்றாள். மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டர் மறுபடி பெட்ஷீட்டுக்குள் போயிற்று.

அன்று ஒன்பதாம் நாள். இன்னும் இரண்டு நாள் கழித்து டேனி போன் செய்தான். அவனுக்கும் சங்கடம்தான், சுற்றி வளைத்துப் பேசினான். அவளுடைய டாக்டர்களைக் கோயமுத்தூரில் ஒரு பெண்ணுக்கு மாற்றிவிட்டார்கள். எடிட்டர் வேலைக்கும் வேறு ஆள். கனெக்ஷன் வந்ததும் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றான். பெடல் கம்பெனிச் சொத்து, அதைக் கூரியரில் அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னான்.

பெடலை ஜோதிமணியே துணியால் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டினாள். கூரியர் ஆபீசுக்கு எடுத்துப் போனவன் அழகர்சாமி. திரும்பி வரும் வழியில் ஜூஜுவாடிப் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தக் கேபிள் வந்து நின்றுபோன கம்பத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ரஞ்சிதா இரண்டாம் வருஷத்தோடு ஹாஸ்டலை விட்டு வந்தாள். அழகர்சாமிக்கு ஒரு குடோனில் காவல் வேலை கிடைத்தது. ஜோதிமணி ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். காலை ஏழு மணிக்கு பஸ் வரும். தலையில் துணித்தொப்பி போட்டுக்கொண்டு சட்டைக் காலர் தைக்க வேண்டும். அங்கேயும் காலடியில் ஒரு பெடல் இருந்தது. அழுத்தினால் ஓடும், எடுத்தால் நிற்கும். பின்னால் மட்டும் போகாது. சாப்பிட உட்காரும்போது அவள் யாரைப் பற்றியும் இப்போது எதுவும் சொல்வதில்லை. இரண்டு வருஷம் அந்த வீட்டில் இன்டர்நெட் என்ற பேச்சே எழவில்லை. கம்ப்யூட்டர் மேல் அந்தப் பெட்ஷீட் அப்படியே கிடந்தது.

2009 ஆகஸ்டில் ஒரு மத்தியானம் முனிவேல் வந்து கதவைத் தட்டினான். கையில் மோடம், தோளில் கம்பிச் சுருள்.

"புது எக்ஸ்சேஞ்ச் பெட்டி வந்துருச்சுங்க. உங்க பேரு வந்துருச்சு. வேணுங்களா?"

வேண்டாம் என்று சொல்ல அழகர்சாமிக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷமாக அவன் நெஞ்சில் கிடந்த கல் அது. முனிவேல் மாட்டிக் கொடுத்தான். நாலு விளக்கும் நின்று எரிந்தன. பெட்ஷீட்டை எடுத்து, தூசி தட்டி, கம்ப்யூட்டரைப் போட்டு, நாற்காலியைத் துடைத்து, ஜோதிமணி வருவதற்காகக் காத்திருந்தான். ஆறரைக்கு அவள் வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பையைக்கூட வைக்காமல் விளக்குகளைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

பழைய கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். தன் பெயரை அடித்தாள், கடவுச்சொல்லை அடித்தாள். மறக்கவில்லை, விரல்கள் தாமாகப் போயின. அப்படி ஒரு ஆள் இல்லை என்று திரை சொன்னது. இன்னொரு தடவை அடித்தாள். மேஜைக்குக் கீழே அவள் வலது கால் முன்னே போய்ச் சிமெண்டுத் தரையைத் தொட்டு அழுத்தியது. குதிகாலை ஊன்றியது. அழகர்சாமி அதைப் பார்த்துவிட்டான். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"டேனிக்குப் போன் பண்ணிப் பார்க்கலாமா ஜோதி?"

"அந்தக் கம்பெனில எங்க பிரிவையே போன வருஷம் மூடிட்டாங்க, டேனி வேற வேலைக்குப் போயிட்டான். இப்ப அதெல்லாம் மெஷினே கேட்டு அடிக்குதாம். வேலை போனது எனக்கு மட்டும் இல்ல, அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணும் வீட்டுலதான் இருக்காளாம்." அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். "ஒரு பேப்பர் எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"சரண்டர் லெட்டர் எழுதத்தான். வேணும்னு காத்துட்டு நூறு பேரு நிப்பாங்க." நாற்காலியிலிருந்து எழுந்தபடி சொன்னாள்: "புதுசு வந்து லைட் எரிஞ்சப்புறம்தான் எழுதணும்னு அன்னிக்குச் சொன்னேன். இன்னிக்குத்தான் சரியாப் பண்றீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. அழகர்சாமி கட்டிலில் உட்கார்ந்து எழுதினான். முடித்து நீட்டினான். அவள் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள். தேதி தப்பாக இருந்தது, போன் நம்பரில் ஒரு எண் விட்டுப்போயிருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கி இரண்டையும் திருத்தினாள். பிறகு முகம் கழுவப் போனாள்.